புழு ஆபீஸ் தெய்வானை

காஜா பேராங்கில் போய் வெறுமனே தெய்வானை வீடு எது என்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். புழு ஆபீஸ் தெய்வானை என்று கேட்க வேண்டும். கொஞ்சம் நாக்கு நீண்டவர்கள் டப்பி தெய்வானை என்பார்கள். அதற்கும் மேலே போகிறவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுவதற்கில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது படித்தால் பாவம்.

அவளுக்கு அதிலெல்லாம் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. "பேர் வச்சா வச்சுட்டுப் போகட்டும். டப்பியைக் குடுத்தாச் சரி" என்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு விடிந்ததும் தெருவில் இறங்கினால், கதவை மூடிக்கொண்ட வீட்டுக்காரிகள்கூடத் திறந்துதான் ஆகவேண்டும். அப்படித் தட்டுவாள். கூடைக்குள் வட்ட வட்டமாகப் பழைய சிகரெட் டப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பு மையில் ஓர் எண். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு டப்பியில் காலைக்கடனில் கொஞ்சம் வைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லும்போது அவ்வளவுதான். கொடுக்கிறவர்களுக்கல்லவா தெரியும் அந்தச் சங்கடம்!

இதெல்லாம் ஐம்பத்தேழாம் வருஷத்துச் சமாச்சாரம். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். மனிதர் வயிற்றிலும் ஆடு மாடு நாய் பூனை வயிற்றிலும் என்னென்ன புழுக்கள் குடியிருக்கின்றன, எப்படி உள்ளே போகின்றன, எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகின்றன என்று ஆராய்ச்சி செய்ய ஒரு டாக்டர் வந்திருந்தார். பெயர் ராஜரத்தினம். சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் படித்தவர். காமாட்சி மாக் என்ற செட்டி வீட்டு அம்மாளிடம் முன்கட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ஏகப்பட்ட கண்ணாடிச் சில்லுகள் என்று கடையை விரித்துவிட்டார். அறுப்புக் கொட்டகையிலிருந்து ஆட்டுக் குடல்கூட வாளியில் வரும். ஊர் அதற்குப் புழு ஆபீஸ் என்று பெயர் வைத்தது.

காமாட்சி மாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசலில் மாவிலைத் தோரணம் வாடாத வீடு. மாரியம்மனை நம்மைவிடப் பக்தியாகக் கும்பிடுவாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிகள் என்பதால், பேச்சும் கெபாயா சட்டையும் மட்டும் மலாய்க்காரர்களைப் போல இருக்கும். முதல் டப்பியைக் கொடுத்தவள் அவள்தான். "அப்பா மாலு?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். இதில் என்ன வெட்கம் என்று கேட்கிறாளாம். அவள் கொடுத்ததும் செட்டிகள் குடியிருந்த கம்பத்து வீடுகளெல்லாம் கொடுத்துவிட்டன. மாட்டிக்கொண்டது நம்முடைய தமிழ் வரிசை வீடுகளில்தான்.

தெய்வானை ஆபீசில் சேர்ந்தது தரை கூட்ட. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், புருஷன் செத்த பிறகு டவுனுக்கு வந்து அதே வரிசையின் கடைசி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். வந்த புதிதில் ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "நாளெல்லாம் அந்தக் குழாய்க்குள்ள என்னதான் டாக்டர் பாக்குறீங்க?" என்று கேட்டாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டைகள் ஒட்டிக்கிடந்தன. "கொக்கிப்புழு முட்டை" என்றார் டாக்டர். நிழலான ஈரமண்ணில் விழுந்தால் பொரித்துவிடும், வெறுங்காலுக்காகக் காத்திருக்கும், தோலைத் துளைத்துக்கொண்டு ரத்தத்தோடு நெஞ்சுக்கு ஏறும், தொண்டைக்கு வந்து எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கும், குடலைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவுதான். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் ஆளே வெளுத்துப் போய்விடுவார்களாம்.

தெய்வானை நிமிரவே இல்லை. "அப்படி வெளுத்தவங்களுக்கு மண்ணு திங்கத் தோணுமா டாக்டர்?"

"தோணும். மண்ணு, கரி, பச்சரிசி எல்லாம் திங்கத் தோணும். நீங்க எங்கே பார்த்தீங்க?"

அவள் எழுந்துபோய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பாக்கியம் என்று ஒரு தங்கை இருந்தாள். எஸ்டேட்டில், வயிற்றில் பிள்ளையோடு, பத்தொன்பது வயதில் செத்துப்போனாள். சாகிறவரைக்கும் அவளை எல்லோரும் சோம்பேறி என்றுதான் திட்டினார்கள். நாலு மரம் வெட்டினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவாள். அடுப்பங்கரைச் சுவரைச் சுரண்டிச் சுரண்டித் தின்பாள். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். தெய்வானையும் கூடநின்று பிடித்துக்கொண்டாள். இப்போதல்லவா தெரிகிறது பேய் எந்த வழியாக வந்தது என்று! அவளுக்கு அழுகை வரவில்லை. பொல்லாத கோபம் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "டப்பி வாங்கிட்டு வர்ற வேலையை எனக்குக் குடுங்க" என்றாள். அதற்கு முன்னால் இருந்த ஆள் தெருக்காரர்களின் கேலி தாங்காமல் ஓடிப்போயிருந்தான். டாக்டர் உடனே கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வரிசை வீட்டில் நடுவீடு அப்பாசாமி பண்டாரத்தினுடையது. பக்கத்து முருகன் கோயிலில் பூசை அவருக்கு. முட்டை வாசனை அடித்தாலே மூன்று தரம் குளிக்கிற வீடு. மனிதர் நல்லவர், அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய மனைவி ருக்மணி அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வாள். மகன் சிங்கப்பூரில் வேலைபார்த்தான். மருமகள் சீதா இங்கே மாமனார் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி. வீட்டுக்கு வேண்டிய கீரையெல்லாம் கொல்லைப் பாத்தியில் விளைந்தது. வெறுங்காலோடு இறங்கிக் களை பிடுங்குவது சீதாவின் வேலை. அந்தப் பாத்திக்கு என்ன உரம் போட்டார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு மழை நாளில் தெய்வானை கொல்லைப்பக்கமாக வந்தவள், சீதா குளியலறைச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி வாயில?"

"ஒண்ணுமில்லக்கா."

"திற."

நாக்கெல்லாம் செம்மண். தெய்வானை அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். துவைத்த வேட்டியைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மழை பெஞ்சு மண்ணு வாசனை அடிச்சா நாக்கு ஊறுதுக்கா. நிறுத்த முடியல. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் அந்தப் பெண். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

சொல்லாமல் விடுவாளா? நேரே ருக்மணியிடம் போனாள். ருக்மணி, "தலைச்சன் மசக்கை. நாங்கல்லாம் சாம்பல் தின்னவங்கதான். புழு ஆபீசுல சேர்ந்ததும் உனக்குப் பாக்குறதெல்லாம் புழுவாத் தெரியுதா?" என்று வாயை அடைத்தாள். தெய்வானை விடவில்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். கடைசியில் பண்டாரமே வெளியே வந்தார்.

"தெய்வானை, உன் அக்கறை எனக்குப் புரியுது. ஆனா நீ டாக்டரா? எங்க வீட்டு டப்பியையும் கொண்டு போ. புழு இருக்குன்னு டாக்டர் வாயால சொல்லட்டும். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இது என் வாக்கு."

பண்டாரம் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். தெய்வானைக்கு அதுபோதும். ஒரே ஒரு டப்பி. அதில் இந்தப் பெண்ணின் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பாக்கியத்துக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கட்டும், முருகா!

அன்று சாயங்காலமே வரிசை முழுக்க டப்பி கொடுத்தாள். மறுநாள் காலையில் போனால், அடேயப்பா! மற்றத் தெருக்களில் பாதி டப்பி காலியாக வரும், சில டப்பிகளில் விளையாட்டுக்குக் களிமண் வரும். இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டப்பிகள் நிரம்பி, வாழையிலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டி, சீர்வரிசை போல எடுத்துவைத்திருந்தார்கள். பண்டாரம் வீட்டு டப்பிகளை ருக்மணி மஞ்சள் துணியில் சுற்றியே கொடுத்துவிட்டாள். தெய்வானைக்குத் தலைகால் புரியவில்லை. நம் சனங்களுக்கும் புத்தி வந்துவிட்டது என்று பூரித்துப்போனாள். அப்போதாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம், எங்கே யோசித்தாள்!

மத்தியானம்வரை டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு கூப்பிட்டார்.

"அந்த வரிசையில யாராவது விருந்து வச்சாங்களா?"

"இல்லையே டாக்டர்."

"கொக்கிப்புழு ஒருத்தருக்கும் இல்லை. ஆனா எல்லாருக்கும் நாடாப்புழு இருக்கு. கைக்குழந்தையிலிருந்து கோயில் பண்டாரம் வரைக்கும்."

"அது எப்படி வரும்?"

"மாட்டிறைச்சி சரியா வேகாமத் தின்னா வரும். இல்லன்னா பன்றி. எதுன்னு முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டுல ஒண்ணு நிச்சயம்."

"ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் தெய்வானை. "பண்டாரம் வீட்டுல முட்டைகூடத் தொடமாட்டாங்களே!"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எல்லா டப்பியிலயும் இருக்கறது ஒரே ஆளோடது. என் காதுல பூ சுத்துறாங்க. இந்த மாசம் முடிஞ்சா ஆராய்ச்சிக்குக் குடுத்த நாளும் முடியுது. ஏமாத்துறவங்களுக்காக உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் இல்லை. இந்த வரிசையை விட்டுடுவோம். நாளைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் கட்டிக்கிட்டுக் கிளேபாங் பக்கம் போறேன்."

"டாக்டர், அதுல ஒரு பொண்ணு இருக்கா, மண்ணு திங்கிறா..."

"அப்போ அந்தப் பொண்ணோட உண்மையான டப்பி வேணும். அது இல்லாம நான் என்ன சொல்றது?"

"நாளைக்கு மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில வைக்கிறதுக்குள்ள கொண்டு வர்றேன். அதுவரைக்கும் கிளம்பாதீங்க" என்றாள் தெய்வானை. கேட்கிற மாதிரி இல்லை, உத்தரவு போடுகிற மாதிரி இருந்தது. டாக்டர் தலையாட்டினார்.

வரிசையில் மாட்டையும் பன்றியையும் ஒருகை பார்க்கிற ஆள் யார் என்று கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. சின்னப்பா ஒருவன்தான். ஆற்றோரக் கிட்டங்கியில் அரிசி மூட்டை தூக்குகிறவன். மற்றவர்கள் ஒரு மூட்டையோடு தள்ளாடும்போது இவன் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பான். சாயங்காலமானால் கள்ளுக்கடைப் பக்கம், நெருப்பில் வாட்டியும் வாட்டாமலும் கிடைப்பதையெல்லாம் தின்றுவிட்டு வருவான். அவன் மனைவி அஞ்சலை வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். தெய்வானை சுற்றிவளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரரோடதை ஊருக்கெல்லாம் பங்கு வச்சுக் குடுத்தியா?"

அஞ்சலைக்கு வெட்கமாவது ஒன்றாவது! முகமெல்லாம் பெருமை. "ஆமா குடுத்தேன். கேட்டாங்க, குடுத்தேன். டாக்டர் வீட்டுக்குப் போறது நல்லதாப் போக வேணாமா? பாசார்ல போயி சொத்தைக் கத்திரிக்காயப் பொறுக்கியா சாமிக்கு வாங்குவே? எங்க ஆளுக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னு உண்டா, சொல்லு. அதான் எல்லாரும் டப்பியைத் தூக்கிட்டு இங்க வந்தாங்க."

"முதல்ல வந்தது யாரு?"

அஞ்சலை குரலைத் தாழ்த்தினாள். "பண்டாரத்து வீட்டம்மா. இத்தனை வருஷத்துல எங்க வீட்டுத் தண்ணிகூடக் குடிச்சதில்ல. நேத்துப் பின்பக்கமா வந்து, 'அஞ்சலை, உன் கையாலதான் குடுக்கணும்'னாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சின்னப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தான். அவன் வயிற்றில் கெஜக்கணக்கில் நாடா போல ஒரு புழு சுருண்டு கிடக்கிறது, அவன் தின்பதில் அதற்கும் பங்கு போகிறது என்று தெய்வானை சொன்னதும், இரண்டு மூட்டை தூக்குகிற அந்த மலை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டது. "எனக்கா? எனக்குள்ளயா?" என்று வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சலையின் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலப் பூசை முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டு போகும்வரை தெய்வானை கோயில் தூணோரம் நின்றாள். பிறகு பண்டாரத்தின் பின்னாலேயே அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். ருக்மணி விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். சீதா சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"சாமி, டாக்டர் வாயால சொல்லட்டும்னீங்க. சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்?"

"உங்க வீட்டுல எல்லாருக்கும் நாடாப்புழு இருக்காம். உங்களுக்கும்தான். மாட்டிறைச்சி சாப்பிட்டா வருமாம், இல்லாட்டிப் பன்றி இறைச்சி. எதுன்னு அவருக்குத் தெரியலையாம். அதை நீங்கதான் சொல்லணும்."

பண்டாரம் கையில் திருநீற்றுத் தட்டோடு அவள் பக்கம் திரும்பினார். "என்ன பேசறே?" என்றார். பிறகு, அவர் வாழ்நாளில் முதல்தடவையாக இருக்கும், கத்தினார். "என்ன பேசறே நீ? என் வீட்டுலயா? எந்த டாக்டர் சொன்னான்? கூப்பிடு அவனை! ஊரைக் கூட்டு! நான் கேட்கறேன்!"

"வாங்க, போவோம். தாராளமாக் கேளுங்க. ஆனா அதுக்கு முன்னால வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க சாமி" என்றாள் தெய்வானை. அவள் பார்வை ருக்மணி மேல் இருந்தது.

ருக்மணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் வெளியே வந்தது. அஞ்சலை வீட்டுக்குப் போனது, டப்பிகளைக் கொடுத்தது, மஞ்சள் துணி, எல்லாம். "நான் என்ன பண்ணுவேன்? வயித்துப்பிள்ளைக்காரியோட தலைமுடி, நகம் வெளிய போனாலே ஆகாது. எவனாவது மந்திரம் வைக்கிற போமோ கையில கிடைச்சா அதை வச்சே பிள்ளையைக் கருக்கிடுவான். இதைப் போயி டப்பியில போட்டு, நம்பர் எழுதி, எவனோ ஒருத்தன் மேஜைக்கு அனுப்பச் சொல்றீங்களே! என் பேரப்பிள்ளை எனக்கு வேணும். அவளோடதை மட்டும் மாத்தினா சந்தேகம் வரும்னு எல்லாருதையும் மாத்தினேன். அதைப் பாத்து அக்கம்பக்கமும் மாத்தினாங்க" என்று தேம்பினாள்.

தெய்வானைக்குக் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பயந்தவளை என்ன கேட்பது? தானும் ஒருநாள் வேப்பிலைக்காரனுக்குத் தங்கையைப் பிடித்துக்கொடுத்தவள்தானே. ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எந்த போமோவும் வேணாம். பிள்ளையைக் கருக்குறது ஏற்கெனவே உள்ள போயிடுச்சு. என் தங்கச்சி இப்படித்தான் போனா. சுவத்தைத் தின்னு தின்னு, வெளுத்து, வயித்துப் பிள்ளையோட போனா. நீங்க டப்பியைக் குடுங்க. நான் கூடையில வைக்கமாட்டேன், கையிலயே வச்சிருப்பேன். டாக்டர் பார்த்து முடிச்சதும் உங்க கண்ணு முன்னாலயே நெருப்புல போடுறேன். ஒரு துளி மிஞ்சாது. எனக்கு இந்த ஒரு டப்பி போதும்."

பேசியது சீதா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுக்கறேன் மாமா" என்றாள். "எனக்கு மண்ணு திங்கத் திங்க பயமா இருக்கு. படுத்தா எந்திரிக்கமாட்டேனோன்னு இருக்கு. நான் குடுக்கறேன்."

பண்டாரம் மருமகளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார் போலிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அவள் உதடும் கன்னமும் ஒரே நிறமாக இருந்தன. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் தெய்வானை கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்தது. பண்டாரம் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி நின்றிருந்தார். கையில் டப்பி. துணி இல்லை, இலை இல்லை, சிவப்பு எண் ஊருக்கே தெரிகிற மாதிரி வெறும் டப்பி.

"குடுங்க சாமி" என்று கை நீட்டினாள்.

"வேணாம். நானே கொண்டு வர்றேன். ஊர் கண்ணு முன்னால ஏமாத்தியாச்சு. ஊர் கண்ணு முன்னாலயே கொண்டு போகணும்."

அப்படியே தெருவில் இறங்கிவிட்டார். திருநீறு கொடுக்கிற கை, குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிற கை. அந்தக் கையில் அந்த டப்பியை ஏந்திக்கொண்டு பண்டாரம் வரிசையைக் கடந்து நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை முளைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அஞ்சலை மட்டும் மெதுவாக எழுந்து நின்று கும்பிட்டாள், எதைக் கும்பிட்டாளோ. தெய்வானை இரண்டடி பின்னால் நடந்தாள். இதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? தான்தான் ஒரு நல்ல மனிதரை நடுத்தெருவில் நடக்கவைத்துவிட்டோமா?

புழு ஆபீசில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். சில்லைத் தயார்செய்து குனிந்தார். குனிந்தவர் அசையவில்லை. பிறகு எழுந்து, "நீங்களே பாருங்க ஐயா" என்று பண்டாரத்துக்கு நாற்காலியைத் தள்ளினார்.

பண்டாரம் பார்த்தார். நகர்த்த நகர்த்த அதேதான். நாலு உருண்டை வைத்த முட்டை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

"இத்தனையுமா அந்தச் சின்னப் பொண்ணு வயித்துல?"

"இது ஒரு துளி. புழு உள்ளே நிறைய இருக்கு. ரத்தத்தைப் பரிசோதிச்சா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியும். இப்படியே விட்டா பிரசவம்வரைக்கும் தாங்காது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முதல்ல ரத்தமும் இரும்புச்சத்தும் ஏத்தணும். புழு மருந்து பிள்ளை பிறந்த பிறகு குடுக்கலாம்."

தெய்வானை சொன்னபடியே கொல்லையில் நெருப்பு மூட்டி, ருக்மணியை வரவழைத்து, அவள் பார்க்கப் பார்க்க டப்பியைப் போட்டாள். மத்தியானத்துக்குள் சீதா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள்.

டாக்டர் பெட்டியைத் திரும்பக் கட்டவில்லை. கட்டமுடியவில்லை என்பதுதான் சரி. மறுநாள் விடிந்தபோது ஆபீஸ் வாசலில் வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு டப்பியோடு நின்றுகொண்டிருந்தார்கள். காமாட்சி மாக் வாசலில் நின்று, "இதுக்கா இத்தனை நாள்!" என்று மலாயில் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பாதிப்பேருக்குமேல் கொக்கிப்புழு. கக்கூஸ் வாளியிலிருந்து கீரைப்பாத்திக்குப் போன உரத்தை மூன்று வீட்டுக்காரர்கள் அன்றே நிறுத்தினார்கள். நாடாப்புழு சின்னப்பா ஒருவனுக்குத்தான். அவன் மருந்து குடித்துவிட்டு மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை.

தலைகாட்டியது ஆஸ்பத்திரியில்தான். சீதாவுக்கு ரத்தம் வேண்டும், வீட்டாரில் யாருடையதும் சேரவில்லை என்று கேள்விப்பட்டு வந்து கையை நீட்டினான். சேர்ந்தது. பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பண்டாரத்தின் பக்கம் திரும்பி, "சாமி, என் ரத்தம்... நான் கண்டதையும் தின்னவன்" என்று இழுத்தான். பண்டாரம் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "ரத்தத்துல ஏதுடா சைவம் அசைவம், படு" என்றார். வரிசைக்காரர்கள் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், பண்டாரம் வீட்டுக்காரர்கள் சின்னப்பாவிடம் முதலில் கடன் வாங்கியது என்ன, பிறகு வாங்கியது என்ன என்று. பண்டாரமும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மெர்டேக்கா வந்தது. அந்த மாதம் முடிந்தும் டாக்டருக்கு இன்னும் கொஞ்ச காலம் நீட்டிப்புக் கிடைத்தது. தெய்வானை கூடையைத் தூக்கிக்கொண்டு கிளேபாங், தெங்கேரா, புக்கிட் பாரு என்று சுற்றினாள். கதவைத் திறக்காத வீடுகளில், "எங்க ஊர்ல கோயில் பண்டாரமே கையில ஏந்திட்டு வந்தார், நீங்க என்ன பெரிய இவங்க?" என்று கேட்பாள். அதற்குமேல் எந்தக் கதவு மூடியிருக்கும்?

சீதாவுக்கு மார்கழியில் பெண்குழந்தை பிறந்தது. சின்னது, ஆனால் தொண்டை பெரிசு. பிள்ளை பிறந்து உடம்பு தேறியதும் டாக்டர் கையாலேயே புழு மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனாலும் தெய்வானைக்கு மனசு அடங்கவில்லை. மருந்து கேட்டதா, புழு போனதா, மறுபடி ஏறுமா என்று அரித்துக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு இரண்டு தரமாவது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சீதாவின் இமையை இழுத்துப் பார்ப்பாள்.

மாசி மாதத்து வெயிலில் மண்ணெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு சாயங்காலம் தெய்வானை பண்டாரம் வீட்டுக் கொல்லைப்படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பொசுக்கென்று மழை பிடித்துக்கொண்டது. கொடியில் குழந்தைத் துணிகள். மண்வாசனை குப்பென்று எழுந்தது. தெய்வானை குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பாக்கியத்தின் மூஞ்சி கண்முன்னால் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஓடிவந்த சீதா படியில் ஒரு கணம் நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"மண்ணு வாசனை அடிக்குதேடி" என்றாள் தெய்வானை.

"ஆமாக்கா. நல்லாருக்கு" என்றாள் சீதா. "நல்லாருக்கு, அவ்வளவுதான். நாக்கு ஒண்ணும் கேக்கல."

சொல்லிக்கொண்டே ஈரமண்ணில் இறங்கப் போனாள். வெறுங்கால். தெய்வானை கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் சீதா தானாகவே திரும்பி, படியோரம் கிடந்த கட்டைச் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, டக்டக்கென்று மழைக்குள் ஓடினாள். உதடெல்லாம் சிவப்பு.

திறந்த வாயை மூட தெய்வானைக்கு வெகுநேரம் பிடித்தது. பாக்கியம் செத்தபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது, குழந்தை பயந்துபோய்க் கூடச் சேர்ந்து அழுகிற அளவுக்கு. ருக்மணி பதறிக்கொண்டு ஓடிவந்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பிள்ளைக்குப் பசி என்று சொல்லித் தெய்வானை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.